பாம்பன் கரையில் விபிஎன்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

போனின் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னைப் போட்டுவிட்டால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. சிம் எந்த டவரில் நிற்கிறது என்பதை விபிஎன் மறைக்காது. எந்த விபிஎன் சர்வரோடு எப்போது இணைந்தீர்கள் என்பதும் சிம் நிறுவனத்துக்குத் தெரியும். இணையப் பதிவுகளை 2 ஆண்டுகளாவது வைத்திருக்கும்படி 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான உரிம விதியே மாறியது. மறைவது, சர்வருக்கு அப்பால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதுதான்.

முதலில் பிரைவேட் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, காசும் கிடையாது. ஆனால் தளத்தின் முகவரியைத் தேடும் கேள்வியை மட்டுமே அது பூட்டும். இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. ராமேஸ்வரம் லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கம் திறக்காமல் அடம்பிடித்தால் காரணம் பிரைவேட் டிஎன்எஸ்ஸாக இருக்கலாம்: அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றி, லாகின் முடிந்ததும் பழையபடி வையுங்கள்.

விபிஎன் வேண்டுமென்றால் வயர்கார்டு என்ற வகை. டவர் மாறி மாறிப் பிடிக்கும் இந்தக் கரையில், டிசிபி என்ற இணைப்பு முறையில் ஓடும் ஓபன்விபிஎன் என்ற இன்னொரு வகை அடிக்கடி திணறும். வயர்கார்டு தானாகத் தொடர்ந்துகொள்ளும். சாட் போகிறது, படமும் பக்கமும் பாதியில் நிற்கிறது என்றால் வயர்கார்டு அமைப்பில் எம்டியூ (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) எவ்வளவு என்று பாருங்கள். 1420 போலப் பெரிதாக இருப்பதை 1280 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இணைப்பு அறாமலிருக்க அவ்வப்போது சின்னப் பொட்டலம் அனுப்பும் கீப்அலைவ் 25 விநாடி என்று இருந்தால் சிக்னல் மெலிந்த இடத்தில் பேட்டரி வேகமாக இறங்கும். போனில் அதைக் காலியாக விடுவதே மேல். ‘விபிஎன் இல்லாமல் இணைப்பு வேண்டாம்’ என்ற தேர்வை மறக்காமல் போடுங்கள். இல்லையென்றால் விபிஎன் அறுந்த நேரத்தில் எல்லாம் திறந்தபடி போகும்.

சேவையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி (இணைய முகவரி எண்) எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. பட்டியலில் ‘இந்தியா’ என்று இருந்தாலும் சர்வர் வேறு நாட்டில் இருக்கலாம். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம்: சிம் நிறுவனத்திடம் மறைத்ததை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பதாகும்.

எல்லைக் கடலில் காவல் தேவைதான். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது கடற்கரைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவின் கீழ் தகவல்களை இடைமறிக்க 10 அமைப்புகளுக்கு 2018 டிசம்பர் 20 அன்று அதிகாரம் தரப்பட்டது. உத்தரவைத் தருவதும் அரசு, அதை ஆராயும் குழுவும் அரசு அதிகாரிகளே. முன்கூட்டி நீதிபதி பார்ப்பதில்லை என்பது பெரிய குறை.

தனுஷ்கோடி பக்கம் போனில் இலங்கை சிக்னல் ஏறும். ஏறினால் அந்த நாட்டு நெட்வொர்க்கிலும் உங்கள் சிம் பதிவாகும். விபிஎன் இதில் ஒன்றும் செய்யாது. போகும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ‘ஆட்டோமேட்டிக்’கிலிருந்து எடுத்து, உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்துவிடுங்கள்.