எட்டு லிட்டருக்குள் ஒரு கேபினட்: எஸ்எஃப்எக்ஸா, ஃப்ளெக்ஸா, வெளியே வைக்கிற அடாப்டரா?

சின்ன கம்ப்யூட்டர் கேபினட் ஒன்றைச் சொந்தமாகச் செய்யப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரன்ட்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தருகிற பவர் சப்ளை, எது என்பதைத்தான். மதர்போர்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. அது எப்படியும் மினி ஐடிஎக்ஸ்தான், 2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அதே 170-க்கு 170 மி.மீ. சதுரம். கிராபிக்ஸ் கார்டை நீளம் அளந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் மாறினால் பெட்டியின் நீளமும், காற்று போகிற வழியும், வயர் ஓடுகிற பாதையும் எல்லாமே மாறிவிடும். வட சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இதுவரை மூன்று பெட்டிகள் செய்திருக்கிறேன்: முதலாவது ஃப்ளெக்ஸ் என்கிற ஒல்லியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, இரண்டாவது லேப்டாப்புக்கு இருப்பது மாதிரி வெளியே வைக்கிற அடாப்டருக்கு, மூன்றாவது எஸ்எஃப்எக்ஸ் என்கிற குட்டையான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. இன்று மேசை மேல் ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவதுதான்.

முதலில் வாட் கணக்கு. என்னிடம் இருப்பது ரைசன் 5 7600 பிராசசர், அதன் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 45 வைத்தாலும் மொத்தம் 250 வாட்டைத் தாண்டாது. அதனால் 750, 850 என்று பெரிய எண்ணைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை. நல்ல 450 வாட் போதும். அந்த 450 வாட்டை எந்த வெப்பத்தில் தரும் என்று லேபிளில் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? பெரிய கேபினட்டுகளில் வருகிற சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 × 86 × 140 மி.மீ., அதாவது 1.8 லிட்டர், எட்டு லிட்டர் பெட்டியில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக அதுவே விழுங்கிவிடும் என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம். எஸ்எஃப்எக்ஸ் 125 × 100 × 63.5 மி.மீ., 0.8 லிட்டர். ஃப்ளெக்ஸ் 150 × 81.5 × 40.5 மி.மீ., அரை லிட்டர். பார்த்தால் இரண்டுக்கும் 0.3 லிட்டர்தான் வித்தியாசம், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். வரைந்து பார்த்தால்தான் தெரியும். மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகு நிற்கிற அமைப்பில், எஸ்எஃப்எக்ஸை மதர்போர்டுக்கு முன்னால் வைத்து அதன் கேபிள் வளைய இடம் விட்டால் என் பெட்டி 310 × 195 × 125 மி.மீ. ஆனது, ஏழரை லிட்டர். அதே இடத்தில் ஃப்ளெக்ஸைச் செங்குத்தாக நிறுத்தினால் நீளம் 250-க்கு இறங்கி 6.1 லிட்டரில் முடிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமான 0.3 லிட்டர் பெட்டியில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டராகிறது, காரணம் அதன் ஒல்லியான உடம்பு. அடாப்டர் என்றால் உள்ளே ஒரு சின்ன டிசி போர்டு மட்டும்தான், 220 மி.மீ. நீளத்தில் 5.4 லிட்டருக்கே கொண்டுவந்துவிட்டேன், அதுவும் 200 மி.மீ. நீளக் கார்டோடு. அளவை மட்டும் பார்த்தால் எஸ்எஃப்எக்ஸ் மூன்றாவது இடம்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் சத்தம். ஃப்ளெக்ஸின் உடம்பு ஒல்லி, 40 மி.மீ. ஃபேன்தான் உள்ளே போகும். அவ்வளவு சின்ன ஃபேன் போதிய காற்றைத் தள்ள வேண்டுமென்றால் பல ஆயிரம் சுற்று சுற்றியாக வேண்டும், அந்தக் கீச்சு சத்தம் இரவு பத்து மணிக்கு மேல் தெரு அடங்கியதும் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். எஸ்எஃப்எக்ஸில் பெரும்பாலும் 92 மி.மீ. ஃபேன், நல்ல மாடல்களில் லோடு குறைவாக இருக்கும்போது அது சுற்றுவதே இல்லை. ஃப்ளெக்ஸைத் திறந்து நாக்டுவா கம்பெனியின் சத்தம் குறைந்த ஃபேன் மாற்றலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். தயவுசெய்து அனுபவம் இல்லாமல் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், தொட்டால் ஆளையே கொல்லும் அளவு அது.

சூடு. 250 வாட் வெளியே கொடுக்க, 90 சதவீதத் திறன் உள்ள எஸ்எம்பிஎஸ் சுமார் 28 வாட்டைச் சூடாக வீணாக்கும், 85 சதவீதம் என்றால் 44 வாட். ஏழு லிட்டர் பெட்டியில் அந்த 16 வாட் கூடுதல் சூடு நன்றாகவே தெரியும், அதனால் திறனைக் குறிக்கிற 80 பிளஸ் சான்றில் கோல்டு தரத்துக்குக் கீழே நான் போவதில்லை. இங்கேதான் லேபிள் வெப்பம் வருகிறது. கோர்சேர் எஸ்எஃப் வரிசை 50 டிகிரியில் முழு வாட்டையும் தொடர்ந்து தரும் என்று அறிவிக்கிறது. மலிவான பலவற்றில் அந்த எண் 40, இல்லாவிட்டால் எழுதுவதே இல்லை. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் ஏசி இல்லாமல் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், அறையே 37, 38 டிகிரி, பெட்டிக்குள் அதற்கு மேல் பத்து. 40 டிகிரி எஸ்எம்பிஎஸ் நம் ஊருக்கு வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோரும் அறிந்த கணக்கு.

தூசியும் அதே அளவு பெரிய விஷயம், நம் பக்கத்துக்கு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பியில் கை வைத்தாலே பிசுபிசுப்பு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நின்று எண்ணூர் பக்கம் போனது. ராயபுரத்துக்கு அது நிம்மதி, எண்ணூர்க்காரர்களுக்கு அப்படியில்லை, கண்டெய்னர் லாரித் தூசி இரண்டு பக்கத்துக்கும் உண்டு. இந்தத் தூசி உப்பு ஈரத்தோடு சேர்ந்து எஸ்எம்பிஎஸ் போர்டு மேல் படிந்தால் கரன்ட் கசிய ஒரு பாதை கிடைத்துவிடும். ஃப்ளெக்ஸின் சின்ன வாயில் அழுக்கு சீக்கிரம் அடைக்கிறது, என் முதல் பெட்டியை மாதம் ஒருமுறை ஊதிக்கொண்டே இருந்தேன். எஸ்எஃப்எக்ஸுக்கு முன்னால் கழற்றி மாட்டுகிற நைலான் வலை ஒன்றை வைத்தேன், குழாயில் காட்டிக் கழுவினால் போதும்.

அடாப்டர் வழிக்கு வருகிறேன், அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமில்லை. 230 வோல்ட் பெட்டிக்குள் வரவே வராது, கையால் செய்த பெட்டிக்கு அது பெரிய பாதுகாப்பு. மாற்றும் வேலையில் வருகிற சூட்டில் பெரும்பகுதியும் வெளியிலேயே போய்விடும். கார்டு இல்லாமல், கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி மாதிரி சிப் மட்டும் போட்டு அம்மாவுக்கோ கடைக் கணக்குக்கோ செய்கிற பெட்டி என்றால் 12 வோல்ட் அடாப்டரும் பிக்கோ என்கிற குட்டி டிசி போர்டும் போட்டு முடித்துவிடுங்கள், இரண்டாவது யோசனையே வேண்டாம். கார்டு வந்தால்தான் சிக்கல். 240 வாட் லேப்டாப் அடாப்டர் நம் 250-க்குப் போதாது, 330 வாட் வேண்டும். அது 19.5 வோல்ட்டில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர், அவ்வளவும் ஒரு வட்டப் பின் வழியாக வர வேண்டும், பின் கொஞ்சம் தளர்ந்தாலே சுடும். கார்டு ஒரு நொடியின் சின்னப் பகுதிக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும்போது அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். என் இரண்டாவது பெட்டி மூன்று முறை அப்படி அணைந்தது. அப்புறம், அடாப்டர் எங்கே கிடக்கும்? தரையில். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிறகு வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூரில் தரைத்தளத்தில் இருக்கும் யாருக்கும் அடாப்டரைத் தரையில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். எச்டிபிளெக்ஸ் கம்பெனியின் 250 வாட் GaN (காலியம் நைட்ரைடு) எஸ்எம்பிஎஸ் ஒன்றும் உண்டு, 170 × 50 × 25 மி.மீ., ஃபேனே இல்லை, அருமையான பொருள்; ஆனால் ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை, பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கவுன்டர் வேண்டும் என்று நினைப்பவன் நான்.

எர்த் பற்றிச் சொல்லாமல் எந்த ஒப்பீடும் முடியாது. முதல் பெட்டியைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று நினைத்து மாற்றப் போனேன். அது கோளாறு இல்லை: எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும், எர்த் இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொங்கி 115 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது. தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரோடு வந்து பார்த்தார், பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்ட வேண்டிய இடத்தில் அறுபது, எழுபது என்று முள் நிலையில்லாமல் ஆடியது. "தம்பி, மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்ல பாரு" என்று சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இது நிறைய உண்டு, வயர் இருந்தாலும் உப்பு மண்ணில் எர்த் பைப் துருப்பிடித்துப் போயிருக்கும். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடச் சொல்வார்கள், கூடவே கூடாது. வெளியே நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். புது ராட் அடித்து, கரன்ட் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் போட்ட பிறகுதான் வீட்டில் யாரையும் அந்தப் பெட்டியைத் தொட விட்டேன்.

இந்த விஷயத்தில் எஸ்எஃப்எக்ஸும் ஃப்ளெக்ஸும் ஒன்றுதான், இரண்டுக்கும் பின்பக்கச் சாக்கெட்டிலிருந்து முன்பக்கம் வரை 230 வோல்ட் வயர் பெட்டிக்குள் ஓடும். தகட்டு விளிம்பைத் தாண்டுகிற இடத்தில் வயர் அறுபடாமல் இருக்க ரப்பர் குரோமெட் (வளையம்) வைக்க வேண்டும், எர்த் வயரை ரிங் முனை வைத்து பல் வாஷரோடு உடம்பில் இறுக்க வேண்டும், அந்த இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வேண்டும். பவுடர் கோட்டிங் கரன்ட் கடத்தாது. ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகப் பெயின்ட்டுக்குள் இருந்தால் ஒன்றுக்கு எர்த் கிடைக்கும், பக்கத்துப் பலகைக்குக் கிடைக்காது, அதனால் கோட்டிங்குக்கு அனுப்பும் முன்பே அந்த இடங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். அடாப்டர்காரர்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை, ஆனால் சுவரில் எர்த் இல்லாவிட்டால் அவர்களுக்கும் சுருக்கென்று அடிக்கும்.

தகட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஏழரை லிட்டர் பெட்டியை 1 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகட்டில் செய்தால் ஓட்டைகளைக் கழிக்காமல் 1.9 கிலோ, 2 மி.மீ. அலுமினியத்தில் 1.3 கிலோ. எம்எஸ் மலிவு, ஆனால் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் கடல் காற்று அங்கேயிருந்து துருவைத் தொடங்கும். அலுமினியத்தில் 2 மி.மீ. தடிமனிலேயே எம்3 மரை நாலு சுற்று கிடைப்பதால் ஸ்க்ரூ பிடிக்கிறது, 1 மி.மீ. எம்எஸ்ஸில் ரிவ்நட் (தகட்டில் அழுத்திப் பொருத்துகிற நட்) வைக்க வேண்டும். நான் அலுமினியம். வியாசர்பாடி எஸ்டேட் பக்கம் ஒரு லேசர் பட்டறையில் "ஒரு பீஸுக்கு மெஷின் ஓட்ட முடியாது தம்பி, பெரிய ஆர்டர் ஓடும்போது ஷீட்டு ஓரத்துல வெச்சி வெட்டித் தரேன், ரெண்டு நாள் பொறு" என்றார் அண்ணன். சரிண்ணே என்று பொறுத்தேன், செலவு நன்றாகக் குறைந்தது. த்ரீடி பிரின்ட் போடுகிறவர்களுக்கு பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியில் இளகத் தொடங்கும், கார்டின் சூடு அதைத் தொட்டுவிடும், சூடு தாங்குகிற ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் போடுங்கள்.

சத்தம், சூடு, தூசி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒன்றரை லிட்டர் கூடப் போனாலும் பரவாயில்லை என்று எஸ்எஃப்எக்ஸில் நின்றேன். பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், ஏசி அறையில் மட்டும்தான் ஓடும் என்கிறவர்களுக்கு ஃப்ளெக்ஸ் நல்லதுதான், வாதாட மாட்டேன்.

படம் வரையும்போதே இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எஃப்எக்ஸைப் பிடிக்கும் ஸ்க்ரூ 6-32, மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் எம்3 கேட்டதும் கிடைக்கும், இது அப்படிக் கிடைக்காது, எஸ்எம்பிஎஸ்ஸோடு வருகிற நாலையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். இன்னொன்று கேபிள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டுகிற) கேபிள் புதியதில் அப்படியே சொருகிக்கொள்ளும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி ஒரு நொடியில் போய்விடும். கேபிளை வெட்டிக் குட்டையாக்கினாலும் சரி, புதிதாகச் செய்யச் சொன்னாலும் சரி, மதர்போர்டில் சொருகும் முன் ஒவ்வொரு பின்னாக மீட்டர் வைத்துப் பாருங்கள்; எனக்கு அதற்கு அரை மணி நேரம் ஆனது, 24 பின்னில் ஒன்று மாறியிருந்தது.