நுண்கசிவைத் தேட எந்தப் படம்: ஜி.ஆர்.இ.யா, எஸ்.டபிள்யூ.ஐ.யா?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவில், மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்த ஒருவரை எங்கள் ஸ்கேன் அறைக்கு அழைத்து வந்தார்கள். மயக்க மருந்தை நிறுத்தி ஐந்து நாள் ஆகியும் அவர் கண் விழிக்கவில்லை. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் நாங்கள் வழக்கமாக எடுக்கும் ஜி.ஆர்.இ. (கிரேடியன்ட் எக்கோ) படத்தில் மூன்று கரும்புள்ளிகள் இருந்தன. இவைதான் நுண்கசிவுகள்: மூளையின் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து கசிந்த இரத்தத்தின் தடயங்கள். சந்தேகம் தீராமல், அதைவிட நுணுக்கமான எம்.ஆர்.ஐ. முறையான எஸ்.டபிள்யூ.ஐ.யும் எடுத்தோம். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தில், அதிலும் அதன் பின்முனையில், கடுகு சிதறினாற்போலப் புள்ளிகள். மூளையின் மேலடுக்கான புறணிக்குச் சற்றுக் கீழேயும் அப்படியே. நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடுமையான வைரஸ் நோயில் மூளையின் நுண்குழாய்கள் சிதைந்திருக்கின்றனவா என்று பார்க்க, அன்றிலிருந்து நான் எஸ்.டபிள்யூ.ஐ. பக்கம்தான்.

சி.டி.யைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெரிய இரத்தக்கசிவையும் வீக்கத்தையும் ஓரிரு நிமிடத்தில் காட்டிவிடும். சில மில்லிமீட்டர் நுண்கசிவை அதில் தேடுவது வீண்.

மற்ற இரண்டும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. கசிந்த இரத்தத்தின் இரும்பு ஹீமோசிடரின் என்ற படிவாகத் தங்கி, சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கிறது. அதனால் புள்ளி தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகக் கறுத்துத் தெரிகிறது. ஜி.ஆர்.இ. பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக எடுக்கப்படும். எஸ்.டபிள்யூ.ஐ.யில் துண்டுகள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். சமிக்ஞையின் அளவோடு அதன் அலைக் கட்ட (phase) வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடுவதால் மிகச் சிறிய கசிவும் தப்பாது. கால்சியப் படிவா, இரத்தமா என்று பிரித்தறிய அதே கட்டப் படம் உதவுகிறது. ஒரு எச்சரிக்கை: சிரைகளும் கறுப்பாகவே தெரியும். அடுத்தடுத்த துண்டுகளில் கோடாக நீண்டால் சிரை, வட்டமாக முடிந்தால் கசிவு.

ஜி.ஆர்.இ.க்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எஸ்.டபிள்யூ.ஐ.க்கு ஐந்து நிமிடமாவது ஆகும். மனக்குழப்பத்தில் தலையை அசைத்துக்கொண்டே இருக்கும் நோயாளி என்றால் முழுப் படமும் கெடும். அப்படிப்பட்டவருக்கு நானும் ஜி.ஆர்.இ.தான் எடுப்பேன்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது முதல் ஸ்கேன் அல்ல, அடுத்த ஸ்கேன். இந்தப் புள்ளிகள் எளிதில் மறைவதில்லை, ஆண்டுக்கணக்கில் நிற்கும். முதலில் ஜி.ஆர்.இ., ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எஸ்.டபிள்யூ.ஐ. என்று எடுத்தால், மூன்றாக இருந்த புள்ளிகள் நாற்பதாகத் தெரியும். மூளையில் புதிதாக எதுவும் நடந்திருக்காது. மாறியது படமெடுத்த முறை மட்டுமே. ‘புதிய கசிவுகள்’ என்று அறிக்கை போனால், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தை மருத்துவர் நிறுத்திவிடக்கூடும். நுரையீரலில் இரத்தக்கட்டி இருந்தவருக்கு அது உயிர் விஷயம். எனவே நுணுக்கமானதை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். மறுமுறையும் அதே முறையில், முடிந்தால் அதே கருவியில் எடுக்க வேண்டும். கருவியின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்கு மாறினாலே புள்ளிகள் கூடித் தெரியும். அறிக்கையின் முதல் வரியிலேயே கருவியின் திறனையும் துண்டின் தடிமனையும் எழுதிவிடுவது இப்போது என் வழக்கம்.

இந்தப் புள்ளிகளை வைத்து ‘இது கொரோனா’ என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் செயலிழந்து வென்டிலேட்டரில் கிடந்த வேறு நோயாளிகளிடமும், உயர்ந்த மலைகளில் மூளை வீங்கியவர்களிடமும் கார்ப்பஸ் கலோசத்தில் இதே அமைப்பு முன்பே பதிவாகியிருக்கிறது. டெங்குவில் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் பகுதியில் நுண்கசிவு கண்டிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதை வைத்து டெங்குவையும் கொரோனாவையும் ஒப்பிடமாட்டேன்.

எஸ்.டபிள்யூ.ஐ. சுத்தமாக இருந்தால் நுண்குழாய்களும் நலமாக இருக்கின்றன என்று பொருளில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் கொரோனாவில் இறந்தவர்களின் மூளைகளை 11.7 டெஸ்லா கருவியில், 25 முதல் 100 மைக்ரான் வரையிலான நுணுக்கத்தில் படமெடுத்தார்கள். குழாய்ச் சுவர் மெலிந்து, இரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் கசிந்த இடங்கள் அதில் தெரிந்தன. அந்தத் திசுவில் வைரஸ் கிடைக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்கு அப்படிப் படமெடுக்க முடியாது. அதனால் ‘நுண்குழாய்ச் சேதம் இல்லை’ என்று நான் எழுதுவதில்லை. ‘இந்தப் படத்தில் நுண்கசிவு தென்படவில்லை’ என்றே எழுதுகிறேன்.

அந்த மே மாத நோயாளி டிசம்பரில் தானே நடந்து வந்தார். அதே கருவி, அதே எஸ்.டபிள்யூ.ஐ. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, இம்முறை கடைசிப் புள்ளி வரை எண்ணினேன். ஒன்றுகூடக் கூடவில்லை.