ஹார்னம் நீர்ப்புல்வெளி: குளிர்காலத்தில் போக வேண்டிய ஒரு தொல்லியல் நடை

சாலிஸ்பரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேவாலயத்தின் 123 மீட்டர் உயரக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே கோபுரம் கண்ணெதிரே நிற்க, நாடர் ஆற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் ஹார்னம் நீர்ப்புல்வெளியை நானும் இரண்டு முறை வெறும் மேய்ச்சல் நிலம் என்று எண்ணியே கடந்திருக்கிறேன். சென்ற பிப்ரவரியில், அந்நிலத்தைப் பேணிவரும் அறக்கட்டளையின் வழிகாட்டி நடையில் சேர்ந்த பிறகுதான், இங்கிலாந்தின் வேளாண் தொல்லியலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றை நான் பார்த்ததில்லை என்பது புரிந்தது.

நீர்ப்புல்வெளி என்பது வெள்ளம் தேங்கிய நிலம் அன்று. ஆற்றைத் தடுத்து மதகுகள் வழியாகத் தலைவாய்க்காலில் ஏற்றப்படும் நீர், அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்களுக்குப் போகிறது. இந்தக் கிளைகள் பள்ளத்தில் ஓடுவதில்லை, மண்ணைக் கூட்டி உயர்த்திய நீண்ட மேடுகளின் முதுகின் மேல் ஓடுகின்றன. வாய்க்கால் நிரம்பியதும் நீர் இரு கரைகளிலும் சீராக வழிந்து, சரிவுகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் இறங்கி, மேடுகளுக்கு இடையிலுள்ள வடிகாலில் சேர்ந்து, மீண்டும் ஆற்றுக்கே திரும்புகிறது. சுண்ணப்பாறையில் ஊறி வரும் நீர் கடுங்குளிரிலும் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பத்துடன் வெளிப்படுவதால், அது புல்லின் வேரில் உறைபனி பிடிக்காமல் காக்கிறது. வண்டலும் சத்தும் கூடவே வந்து படிகின்றன. ஆனால் நீர் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும், தேங்கினால் புல் அழுகிவிடும். "பெருநடையில் ஏற வேண்டும், நாலுகால் பாய்ச்சலில் இறங்க வேண்டும்" என்று, குதிரையின் நடையை வைத்து இதைச் சொல்லியிருக்கிறார்கள் டிரௌனர் எனப்பட்ட நீர்பாய்ச்சும் தொழிலாளர்கள். நம் ஏரிப் பாசனத்தின் நீர்க்கட்டியைப் போல, எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவர்களுடைய பொறுப்பாக இருந்தது.

எங்கள் வழிகாட்டி இதையெல்லாம் சொல்லி முடித்த பின்னரே மதகைத் திறக்க வைத்தார். அதுவரை அலையலையான புல்தரையாக மட்டுமே தெரிந்த நிலத்தில், முதலில் மேட்டு முதுகுகள் ஒவ்வொன்றாக வெள்ளிக் கோடுகளாயின. பிறகு சரிவுகள் மின்னத் தொடங்கின. ஓரிடத்தில் நீர் ஒரு பக்கம் மட்டுமே வழிந்தது. அங்கே கரை சில விரற்கடை தாழ்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டிய அவர், ஒரு புற்கரணையை வெட்டி வாய்க்காலுக்குள் அழுத்தியதும், மறுபக்கமும் நனைந்தது. எந்த அளவுக் கருவியும் அவர் கையில் இல்லை. பல ஏக்கர் பரப்பில் அத்தனை நுட்பமான மட்டத்தை 17ஆம் நூற்றாண்டில் மண்வெட்டியால் அமைத்தவர்களை நினைத்து நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இடைக்கால உழவு மேடுகளும் மேலிருந்து பார்க்க இதே போலத் தோன்றும் என்பதால், இரண்டையும் பிரித்தறியும் விதத்தை அவர் பொறுமையாகக் காட்டினார்: முதுகின் மேல் வாய்க்கால் ஓடிய தடம் இருக்க வேண்டும், அது தலைவாய்க்காலோடு இணைந்திருக்க வேண்டும், பள்ளங்களுக்குத் தனி வடிகால் வழியும் வேண்டும். ஆவணங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. சாலிஸ்பரி அமைந்துள்ள இதே வில்ட்ஷயர் மாவட்டத்தில், வைலி கிராமத்தின் பண்ணை மன்றம் (நிலக்கிழாரின் உள்ளூர் நீதிமன்றம்) 1632இல் இத்தகைய நீர்ப்பணிக்கு ஒப்புக்கொண்டது பதிவாகியுள்ளது.

நடையின் ஆகச் சிறந்த பகுதி, இத்தனை உழைப்பும் தானியத்துக்காகவே என்று அவர் விளக்கியதுதான். சேமித்த உலர்புல் தீர்ந்து புதுப்புல் முளைக்காத மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆடுகள் பகலில் இங்கே மேய்ந்தன. இரவில் மேட்டு நிலத்து வயல்களில் பட்டி போடப்பட்டு, அங்கே எருவிட்டன. புல் முன்கூட்டியே வளர்ந்தால் கூடுதல் ஆடுகள், கூடுதல் ஆடுகள் என்றால் கூடுதல் கோதுமையும் வாற்கோதுமையும். ஆடுகள் போன பிறகு மறுபடி நீர் பாய்ச்சி, கோடையில் உலர்புல்லுக்காகப் புல் அறுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான இறக்குமதித் தானியமும் விலைக்கு வாங்கும் உரமும் வந்தபோது இந்தக் கணக்கு குலைந்தது. இயந்திரம் ஏற முடியாத மேடுகள் பல பள்ளத்தாக்குகளில் உழுது சமமாக்கப்பட்டன. எஞ்சியவற்றில் இன்றும் நீர் பாய்ச்சிக் காட்டப்படுவன மிகச் சில என்பதாலேயே, இந்த நடைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். புல்வெளியின் ஊடே செல்லும் ஊர்ப்பாதையில் (Town Path) யாரும் நடக்கலாம், புல்வெளிக்குள் இறங்க வழிகாட்டி நடைதான் வழி. கோடையில் போனால் புல்லைத்தான் பார்ப்பீர்கள். நீர் பாய்ச்சும் குளிர்கால நாளைக் கேட்டறிந்து போவது நல்லது. ஆறு பெருக்கெடுத்தால் பாய்ச்சல் நடக்காமல் போகலாம். முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணி கட்டாயம்; மேடுபள்ளமும் திறந்த வாய்க்கால்களும் இருப்பதால், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் ஊர்ப்பாதையில் நின்றே பார்க்கலாம், சிறுவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். கிளம்பும் முன், இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் லைடார் (லேசர் ஒளியால் நில உயரத்தை அளக்கும் முறை) உயர அளவைப் படத்தில் அந்தப் பகுதியை ஒருமுறை பாருங்கள். இறகின் நரம்புகளைப் போல அடுக்கடுக்காகத் தெரியும் கோடுகளில் எது வாய்க்கால், எது வடிகால் என்று ஊகித்துக் குறித்துக்கொண்டு போனால், மதகு திறந்ததும் நீரே அதைச் சரிபார்த்துச் சொல்லிவிடும்.