மெயில்மேன் 3: எல்லாம் நல்லாத்தான் ஓடுது, அந்த "வயா" மட்டும் ஒழிய மாட்டேங்குது

ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டோட மெயிலிங் லிஸ்ட் எல்லாத்தையும் பாத்துக்கிற வேலை என் தலைல விழுந்து பல வருஷம் ஆச்சு. ஒரு முகவரிக்கு எழுதினா சேர்ந்திருக்கற எல்லாருக்கும் மெயில் போகுமே, அந்த லிஸ்டை நடத்தற சாஃப்ட்வேர் முதல்ல மெயில்மேன் 2, இப்ப மெயில்மேன் 3. சின்னதா ஒரு ப்ராஜெக்ட் நடத்துற தெரிஞ்ச தம்பி, "அண்ணே, நாங்களும் சொந்தமா லிஸ்ட் வைக்கலாம்னு இருக்கோம், மெயில்மேன் 3 எப்படி இருக்கு"ன்னு கேட்டான். சாட்ல ரெண்டு வரில சொல்லி முடிக்கிற கதையா இது, அதான் இங்க எழுதறேன். இன்ஸ்டால் பண்றது எப்படின்னு இதுல இருக்காது. டிஎன்எஸ், எஸ்எம்டிபி எல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான்.

நல்லதை முதல்லயே சொல்லிடறேன், போகப்போக அதுக்கு மூட் இருக்காது.

ஆர்க்கைவ். பழைய மெயில் எல்லாம் சேர்ந்து நிக்கற இடம், இதுக்காகவே மெயில்மேன் 3க்கு ஒரு கும்பிடு போடலாம். பழைய மெயில்மேன் 2ல பைப்பர்மெயில்னு ஒண்ணு இருந்துச்சு, ஒவ்வொரு மெயிலுக்கும் வரிசையா ஒரு நம்பர் போட்டு அதையே லிங்க்கா வச்சிடும். யாராவது தெரியாம ஃபோன் நம்பரோட மெயில் போட்டுட்டு "ஐயோ அதை எடுத்துடுங்க"ன்னு கெஞ்சுவாங்க, நாம எல்லா மெயிலும் சேர்ந்திருக்கற எம்பாக்ஸ் ஃபைல்ல அந்த ஒரு மெயிலை வெட்டிட்டு ஆர்க்கைவை திரும்ப கட்டினா அதுக்கு அப்புறம் வந்த எல்லா மெயிலோட நம்பரும் ஒண்ணு தள்ளிப் போயிடும். பக் ட்ராக்கர்ல, கமிட் மெசேஜ்ல எல்லாம் "இந்த முடிவு ஏன் எடுத்தோம்னு இங்க பாருங்க"ன்னு வருஷக்கணக்கா ஒட்டி வச்ச லிங்க் எல்லாம் சம்பந்தமே இல்லாத வேற மெயிலுக்குப் போய் நிக்கும். மெயில்மேன் 3ல ஆர்க்கைவைப் பாத்துக்கிற ஹைப்பர்கிட்டில அந்தத் தலைவலி கிடையாது. ஒவ்வொரு மெயிலோடயும் வர்ற மெசேஜ் ஐடிலேர்ந்து ஹாஷ்னு ஒரு மாறாத குறியீடு எடுத்து அதுலேர்ந்து லிங்க் உண்டாக்குது, நடுவுல எதை அழிச்சாலும் மொத்தத்தையும் திரும்ப இம்போர்ட் பண்ணாலும் லிங்க் அப்படியே இருக்கும்.

தமிழ் மெயிலும் ஒழுங்கா வருது. பழசுல லிஸ்ட் மொழி இங்கிலீஷ்னு இருந்தா எழுத்துக் குறியீடு இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச ஆஸ்கிதான், மொழிபெயர்ப்பு பத்தி ஒருத்தர் தமிழ்ல நாலு வரி எழுதினா ஆர்க்கைவ்ல வரிசையா கேள்விக்குறியா நிக்கும், இப்ப யூடிஎஃப் 8 ஆனதால அந்தப் பிரச்சினை போச்சு. மாசம் ஒண்ணாம் தேதி ஆனா எல்லார் பாஸ்வேர்டையும் அப்படியே மெயில்ல அனுப்பி வைக்கிற அந்தக் கூத்தும் போச்சு.

இன்ஸ்டால் பத்தி ஒரே ஒரு விஷயம். மெயிலை அனுப்பற கோர் தனி, லிஸ்டை நிர்வகிக்கற வெப் பக்கமான போஸ்டோரியஸ் தனி, ஹைப்பர்கிட்டி தனி, அடியில ஜாங்கோங்கற வெப் ஃப்ரேம்வொர்க், அதுக்கு மேல தேடலுக்கு ஒரு இண்டெக்ஸ். அந்த இண்டெக்ஸை வூஷ்ங்கற தேடல் இன்ஜின்ல விட்டுடாதீங்க, ஆர்க்கைவ் கொஞ்சம் பெருசானா இண்டெக்ஸ் அப்டேட் ஓடறப்பல்லாம் சர்வர் மூச்சு வாங்கும், ஜேப்பியன்ங்கற இன்னொண்ணுக்கு மாத்திடுங்க. அப்புறம் மெசேஜ் சைஸ் லிமிட் 40 கேபின்னு வரும், ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு வச்சாலே மாடரேஷன்ல போய் மாட்டிக்கும், முதல் நாளே ஏத்தி வச்சிடுங்க. அவ்ளோதான்.

இப்ப வயாவுக்கு வரேன்.

லிஸ்ட்ல வர்ற மெயில்ல அனுப்பினவர் பேர் இருக்க வேண்டிய இடத்துல "இன்னார் வயா டெவ்"னு இருக்கும் (வயான்னா வழியா, டெவ் எங்க டெவலப்பர் லிஸ்ட்), முகவரி அவரோடது இல்ல, லிஸ்டோடது. இதை நான் விரும்பி வைக்கல, யாரும் விரும்பி வைக்கறதில்ல. 2014 ஏப்ரல்ல யாஹூ தன்னோட டொமைனுக்கு போலி மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற டிமார்க் பாலிசியை ரிஜெக்ட்னு மாத்திச்சு, அதே மாசம் ஏஓஎல்லும். அதாவது அனுப்பினவர் முகவரி இருக்கற ஃப்ரம்ல எங்க டொமைன் இருந்தா எஸ்பிஎஃப் (எந்த சர்வர் அனுப்பலாம்ங்கற பட்டியல்), டிகிம் (மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டுல ஒண்ணாவது எங்க டொமைனோட ஒத்துப்போகணும், இல்லன்னா தூக்கி எறிங்கன்னு ஊருக்கே சொல்லிட்டாங்க. லிஸ்ட் சர்வர்லேர்ந்து மெயில் போறப்ப எஸ்பிஎஃப் லிஸ்டோட டொமைனுக்குத்தான் பொருந்தும், அனுப்பினவரோடதுக்கு இல்ல. மிச்சம் டிகிம் கையெழுத்து. அதை நாமளே உடைச்சிடறோம், சப்ஜெக்ட்ல கட்டம் போட்டு டெவ்னு ஒட்டறோம், கீழ நாலு வரி ஃபுட்டர் சேர்க்கறோம், எச்டிஎம்எல்லை வெட்டறோம். கவரைப் பிரிச்சு லெட்டர்ல ரெண்டு வரி எழுதிட்டு திரும்ப ஒட்டிக் கொடுக்கற போஸ்ட்மேன் மாதிரி.

இதுல கொடுமை என்னன்னா அடி வாங்கினது மெயில் போட்டவர் இல்ல. யாஹூலேர்ந்து ஒருத்தர் லிஸ்டுக்கு எழுதுவார், அது ஜிமெயில் சப்ஸ்கிரைபர் எல்லாருக்கும் போகும், ஜிமெயில் ரிஜெக்ட் பண்ணி பவுன்ஸ், அதாவது மெயிலை ஏத்துக்கலன்னு ஒரு பதில், அனுப்பும், மெயில்மேன் அந்த பவுன்ஸை ஜிமெயில்காரர் கணக்குல எழுதும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு பாயின்ட், ஸ்கோர் அஞ்சை எட்டினா டெலிவரி கட். யாஹூக்காரர் ஒரு வாரம் ஜோரா விவாதம் பண்ணினா போதும், எதுவுமே பண்ணாத ஜிமெயில் ஆளுங்க கொத்தா வெளியே. "ஏன் சார் எனக்கு மெயிலே வரல"ன்னு அவங்க கேக்கறப்ப என்ன பதில் சொல்றது?

இதுக்கு மருந்துதான் ஃப்ரம்மை மாத்தறது. பவுன்ஸ் நின்னுடுச்சு, உண்மைதான். ஆனா பேட்ச், அதாவது கோட்ல பண்ற மாற்றம், எல்லாம் மெயில்ல வர்ற ப்ராஜெக்ட்ல இது என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. மெயின்டெய்னர் அந்த மெயிலை எடுத்து, அதைக் கமிட்டா மாத்தற கிட் ஏஎம் கட்டளை கொடுப்பார், கமிட்ல ஆத்தர் பேர் "இன்னார் வயா டெவ்", முகவரி லிஸ்ட் முகவரி. ராத்திரி பகலா உக்காந்து எழுதினவனோட பேர்ல வரலாறு முழுக்க இந்த வால் ஒட்டிக்கிட்டு நிக்கும். எங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஜிலிப்சிங்கற சி லைப்ரரியோட வரலாற்றுல தேடினா "வயா லிப்சி ஆல்ஃபா" கிடைக்கும். கியூஎம்யூங்கற எமுலேட்டர் ப்ராஜெக்ட்ல பேட்ச்சை சோதிக்கிற ஸ்கிரிப்ட்லயே "ஆத்தர் முகவரியை மெயிலிங் லிஸ்ட் சிதைச்சிருக்கு"ன்னு எரர் காட்ட ஒரு செக் எழுதி வச்சிருக்காங்க. கிட் ப்ராஜெக்டே 2022ல 2.38 வெர்ஷன்ல, பேட்ச் தயாரிக்கற ஃபார்மேட் பேட்ச் கட்டளைக்கு ஒரு ஆப்ஷன் சேர்த்துச்சு, ஆத்தரும் அனுப்பறவரும் ஒரே ஆளா இருந்தாலும் மெயில் உள்ளயே ஒரு ஃப்ரம் வரியை கட்டாயம் எழுதச் சொல்லலாம், ஏஎம் அதை எடுத்துக்கும். நல்ல வழிதான், ஆனா முதல் தடவையா பேட்ச் அனுப்பற காலேஜ் பையன் கிட்ட "தம்பி இந்த ஆப்ஷனையும் போடு"ன்னு சொல்றப்ப எனக்கே கூச்சமா இருக்கு, ஏற்கனவே அவனுக்கு கிட்டோட சென்ட் இமெயில் செட் பண்றதுக்குள்ள நாக்கு தள்ளியிருக்கும்.

அட்ரஸ் புக் கூத்து தனி. மெயில் ஆப் இந்த வயா பேரையும் லிஸ்ட் முகவரியையும் சேர்த்து ஞாபகம் வச்சிக்கும். அடுத்த தடவை அந்த நண்பர் பேரை டைப் பண்ணா முதல்ல வந்து நிக்கறது லிஸ்ட் முகவரி. இப்படித்தான் ஒருத்தர் இன்னொருத்தருக்கு வீட்டு அட்வான்ஸ் பணம் எப்ப திரும்பி வரும்னு கேட்டு எழுதினது மொத்த டெவ் லிஸ்டுக்கும் வந்துச்சு, ரெண்டு பேர் அதுக்கு சீரியஸா பதிலும் போட்டாங்க. அதுவும் ஆர்க்கைவ்ல ஏறிடுச்சு, அழியாத லிங்க்னு மேல புகழ்ந்தேன் பாருங்க, அதோட.

சரி இதுக்கு என்னதான் வழின்னு பாத்தா, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸ்காரங்க பண்ணினதுதான் வழி. 2017 நவம்பர்ல பழைய லிஸ்ட் சாஃப்ட்வேரான மேஜர்டோமோவை விட்டுட்டு பிஜிலிஸ்டர்னு சொந்தமா எழுதினதுக்கு மாறினப்ப சப்ஜெக்ட் முன்னாடி போடற டேக், கீழ ஃபுட்டர் ரெண்டையும் எடுத்துட்டாங்க. மெயிலைத் தொடாம விட்டா டிகிம் உடையாது, உடையலன்னா வயா தேவையில்ல. நாங்களும் அதையே பண்ணினோம். முன்னொட்டு காலி, ஃபுட்டர் காலி, எச்டிஎம்எல் வந்தா வரட்டும்.

அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இருக்கே! லைசென்ஸ் மாத்தறோம்னு சொல்லியிருந்தாக்கூட இவ்ளோ மெயில் வந்திருக்காது. "என் ஃபில்டர் எல்லாம் போச்சு", "இன்பாக்ஸ்ல எது லிஸ்ட் மெயில் எது வீட்டு மெயில்னே தெரியல"ன்னு. எந்த லிஸ்ட்னு சொல்ற லிஸ்ட் ஐடின்னு ஒரு ஹெடர், மெயிலோட மேல ஒளிஞ்சிருக்கற தகவல் வரி, எத்தனையோ வருஷமா இருக்கு, அதுல ஃபில்டர் போடுங்கன்னு படம் போட்டு விளக்கினோம். பாதி பேர் மாறினாங்க. ஃபுட்டர் போனதும் அடுத்தது, அன்சப்ஸ்கிரைப் லிங்க் கண்ணுல படாததால "என்னை நீக்கவும்"னு லிஸ்டுக்கே எழுதற கூட்டம் ஜாஸ்தியாச்சு, அதுக்கு ஒருத்தர் "எனக்கும்"னு ரிப்ளை ஆல். இருந்தாலும் சொல்றேன், கமிட்ல பேர் ஒழுங்கா வந்த அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியும் நிலைக்கல. சமீபத்துல ஒரு கம்பெனி ஆளுங்க பேட்ச் அனுப்ப ஆரம்பிச்சாங்க, நல்ல பசங்க, நல்ல கோட். ஆனா அவங்க மெயில் மட்டும் பவுன்ஸ் ஆகுது. நாம எதையும் தொடலையே, ஏன்னு அந்த டிகிம் கையெழுத்தைப் பிரிச்சுப் பாத்தா, கையெழுத்து போட்ட ஹெடர் பட்டியல்ல லிஸ்ட் ஐடியும் இருக்கு. அவங்க அனுப்பின மெயில்ல லிஸ்ட் ஐடியே கிடையாது, இல்லாத ஹெடருக்கும் சேர்த்து கையெழுத்து போட்டிருக்காங்க, அதாவது பின்னாடி யாரும் சேர்க்கக் கூடாதுன்னு. மெயிலிங் லிஸ்ட்னா லிஸ்ட் ஐடி சேர்க்காம எப்படி? அவங்க ஐடி டீமுக்கு மரியாதையா எழுதினோம், செக்யூரிட்டி பாலிசின்னு ஒத்தை வரி பதில். இப்ப அந்த டொமைனுக்கு மட்டும் திரும்ப வயா. மெயில்மேன்ல அப்படி குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டும் போடவும் வசதி இருக்கு, அதையும் குறை சொல்ல முடியல.

நியாயமா பாத்தா இதுல மெயில்மேன் மேல தப்பு எதுவும் இல்ல. நான் கத்தறது எல்லாம் இமெயில் போன போக்கைப் பாத்துத்தான். க்னோம் டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் 2022ல லிஸ்ட்டை மூடிட்டு டிஸ்கோர்ஸ்ங்கற வெப் ஃபோரத்துக்குப் போயிடுச்சு, அதே வருஷம் பைதான் டெவ் லிஸ்டும் போச்சு, அதுவும் மெயில்மேன் 3ல ஓடின லிஸ்ட், மெயில்மேன் எழுதினதே பைதான்லதான். லினக்ஸ் கெர்னல்காரங்க மட்டும் மேஜர்டோமோவை விட்டாங்களே தவிர மெயிலை விடல.

ஆகவே தம்பிக்கு. ஆர்க்கைவ் அருமை, மாடரேஷன் சுலபம், தமிழ் சுத்தமா வருது, இதெல்லாம் நிஜம். ஆனா இன்னைக்குக் கேட்டா சொந்தமா வைக்காதன்னுதான் சொல்லுவேன், போன மாசம் கேட்டிருந்தா வைன்னு சொல்லியிருப்பேன். இல்ல, வச்சே தீருவேன்னா மூணே மூணு லிஸ்ட் வை, அறிவிப்புக்கு ஒண்ணு, யூசர்ஸ்க்கு ஒண்ணு, டெவ் ஒண்ணு. செக்யூரிட்டிக்கு மட்டும் ஆர்க்கைவ் வெளிய தெரியாத ஒரு லிஸ்ட் தனியா. டாக்குமென்டேஷனுக்கு, டெஸ்டிங்குக்கு, டிசைனுக்குன்னு ஆரம்பிக்காத, அதுல ஸ்பாம் மட்டும்தான் ரெகுலரா வரும், அதைக் கூட்டிப் பெருக்கறதும் நீதான். அறிவிப்பு லிஸ்ட்ல ரிப்ளை டு டெவ்னு வச்சிடு. முன்னொட்டு, ஃபுட்டர் ரெண்டும் முதல் நாள்லேர்ந்தே போடாத, பழக்கிட்டா அப்புறம் எடுக்க முடியாது. எங்க லிஸ்ட்ல சப்ஜெக்ட்ல இருந்த அந்தக் கட்டத்தைத் திரும்பக் கேட்டு நேத்து கூட ஒரு மெயில் வந்திருக்கு.