உயரமான ராட்டினமா, நல்ல இடத்து ராட்டினமா? லண்டன், சிங்கப்பூர், துபாய், வியன்னா

ராட்சத ராட்டினம் என்று பேச்சை எடுத்தாலே முதல் கேள்வி உயரம்தான். அதை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஐன் துபாய் 250 மீட்டர். லாஸ் வேகாஸின் ஹை ரோலர் 167 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சிங்கப்பூர் ஃப்ளையர் 165, லண்டன் ஐ 135. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் நிற்கும் பழைய ராட்டினம் 65 மீட்டரைக்கூட எட்டவில்லை. ஆனால் எதில் ஏறலாம் என்று என்னைக் கேட்டால் இந்த வரிசையைக் கிட்டத்தட்ட தலைகீழாகத்தான் சொல்வேன்.

உயரத்துக்குப் போக லிஃப்ட் போதும். லண்டனில் ஷார்ட் கட்டடத்தின் பார்வைத் தளம் 244 மீட்டரில் இருக்கிறது. சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸின் மொட்டைமாடி ஃப்ளையரைவிட உயரம். துபாயில் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவே நிற்கிறது. ராட்டினம் தருவது வேறு சுகம்: தரையிலிருந்து மெல்ல எழும்பும்போது மரங்கள் கீழே போகும், கூரைகள் தெரியும், ஆற்றின் வளைவு விரியும், அப்புறம் எல்லாம் அதே நிதானத்தில் திரும்பி வரும். அதனால்தான், அது எவ்வளவு உயரம் என்பதைவிட அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இந்த விஷயத்தில் லண்டன் ஐயை மிஞ்ச ஆளில்லை. தேம்ஸ் கரையிலேயே நிற்கிறது. எதிர்க்கரையில் கொஞ்சம் தள்ளி நாடாளுமன்றம். பாதி உயரம் போவதற்குள் பிக் பென் கடிகாரம் கண்ணுக்கு நேரே வந்துவிடும். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். விளிம்பு நொடிக்கு 26 சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்பதால் பொதுவாக நிறுத்தாமலே ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள். 32 கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் 25 பேர் நிற்கலாம், நடக்கலாம். கூண்டுகளுக்கு 33 வரை எண் போட்டிருப்பார்கள், 13 மட்டும் இருக்காது. நம்மூர்த் திருவிழா ராட்டினத்தில் பெட்டி கம்பிகளுக்கு நடுவே தொங்கும். இங்கே கூண்டுகள் வளையத்துக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கின்றன, மோட்டார் அவற்றைச் சாயாமல் நிமிர்த்தி வைக்கிறது. உச்சியில் இருக்கும்போது கண்ணை மறைக்கக் கம்பியே கிடையாது.

அது பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். புத்தாயிரத்தைக் கொண்டாட ஒரு சின்னம் வேண்டும் என்று 1993-ல் ஒரு வடிவமைப்புப் போட்டி நடந்தது. டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்ட் என்ற கட்டடக்கலைத் தம்பதி இந்த ராட்டினத்தை வரைந்து அனுப்பினார்கள். போட்டியில் யாருக்கும் பரிசு கிடைக்கவில்லை. இருவரும் விடவில்லை, தாங்களே இடம் தேடி, பணம் தேடி, கட்டியும் முடித்தார்கள். பாகங்கள் ஆற்று வழியே படகில் வந்தன. சக்கரத்தைத் தண்ணீரின் மேல் படுக்கை வாட்டத்தில் கோத்து, 1999-ல் தூக்கி நிறுத்தினார்கள். முதல் முயற்சி பலிக்கவில்லை, அடுத்த மாதம்தான் எழுந்தது. ஐந்து வருட அனுமதியில் வந்த அந்தச் சக்கரம் நிரந்தரமாக நிற்கலாம் என்று 2024-ல் உள்ளாட்சி மன்றம் சொல்லிவிட்டது. 20 வருடத்துக்கென்று கட்டிய ஈஃபிள் கோபுரத்துக்கும் இப்படித்தான் நடந்தது.

லண்டனில் குறை என்றால் கூட்டமும் வானிலையும்தான். மேகம் இறங்கிய நாளில் ஏறினால் மனசு வலிக்கும். ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். டிக்கெட் எடுக்கும் முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

சிங்கப்பூருக்கு இந்தத் தலைவலி கிடையாது. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியையொட்டித்தான் மறைகிறது. ஆறே முக்காலுக்கு ஏறினால் பகல், அந்தி, விளக்கு மூன்றும் ஒரே சுற்றில் கிடைக்கும். மழை மட்டும் குறுக்கே வரலாம். 2008-ல் திறந்தபோது ஃப்ளையர்தான் உலகின் மிக உயரமான ராட்டினம். 28 கூண்டுகள், ஒவ்வொன்றிலும் 28 பேர். சீனர்களுக்கு எட்டு ராசியான எண். திறந்த சில மாதங்களிலேயே, சுழற்சி ஊரின் செல்வத்தை வெளியே இறைக்கிறது என்று ஃபெங் சுயி எனும் சீன வாஸ்து வல்லுநர்கள் சொன்னதால் சுற்றும் திசையையே மாற்றினார்கள். அந்த வருட டிசம்பரில் மின் அறையில் தீப்பிடித்து 173 பேர் சுமார் ஆறு மணி நேரம் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். சிலரைக் கயிறு கட்டி இறக்க வேண்டியிருந்தது.

ஃப்ளையருக்குக் காலமும் கைகொடுத்தது. அது வந்தபோது மரினா பே சாண்ட்ஸ் முடியவில்லை, கார்டன்ஸ் பை தி பே இல்லை. 2010-லும் 2012-லும் அவை வந்த பிறகு அதே கூண்டிலிருந்து தெரியும் காட்சியே வேறாகிவிட்டது. மரினா பே சாண்ட்ஸ் மாடிக்குப் போனால் எல்லாம் தெரியும், மூன்று கோபுரத்தின் மேல் கப்பல் ஏறி உட்கார்ந்தாற்போல் நிற்கும் அந்தக் கட்டடம் மட்டும் தெரியாது. ஃப்ளையரில் ஏறினால் அதுதான் எதிரே நிற்கும். முதல் முறை சிங்கப்பூர் போகும் குடும்பத்துக்கு, பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போவதாக இருந்தால், நான் ஃப்ளையரையே சொல்வேன். ப்ராமனாட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

துபாய்? ஐன் என்றால் அரபியில் கண். 48 கூண்டுகள், ஒரு சுற்றுக்கு 38 நிமிடம். பொறியியல் சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செயற்கைத் தீவின் ஓரத்தில், ஊரின் பழைய பகுதிகளிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. பனைமர வடிவத் தீவும் துபாய் மரினா பகுதியின் கட்டடங்களும் கடலும் அழகாகத் தெரியும். புர்ஜ் கலீஃபா தூரத்தில் ஊசியாகத் தெரியும். 2021 அக்டோபரில் திறந்து, 2022 மார்ச்சில் நின்று, 2024 டிசம்பரில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. துபாயில் ஒரே ஒரு உயரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை புர்ஜ் கலீஃபாவுக்கே கொடுங்கள். லாஸ் வேகாஸைப் பொறுத்தவரை, இரவு விளக்குகளைப் பார்க்க ஹை ரோலர் நல்லது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, வியன்னா. 1897-ல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபின் ஐம்பதாண்டு ஆட்சியைக் கொண்டாட வால்டர் பாசெட் என்ற ஆங்கிலப் பொறியாளர் கட்டியது. அப்போதே அதைவிடப் பெரிய சக்கரங்கள் இருந்தன. சிகாகோவில் ஜார்ஜ் ஃபெரிஸ் 1893-ல் கட்டிய முதல் ராட்சத ராட்டினம் 80 மீட்டர், 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். 1906-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். லண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட் ராட்டினமும் பாரிஸ் ராட்டினமும் பின்னாளில் இல்லாமல் போயின. வியன்னா ராட்டினத்தையும் இடிக்க 1916-ல் அனுமதி கொடுத்தாயிற்று, இடிக்கப் பணமில்லாததால் தப்பியது. 1944-ல் போரில் எரிந்தது. போர் முடிந்து ஊரே இடிபாடாகக் கிடந்தபோது அதை மறுபடி எழுப்பினார்கள், 1947-ல் சுற்ற ஆரம்பித்தது. முன்பு 30 பெட்டி, இப்போது 15.

ஜன்னல் வைத்த சிவப்புப் பெட்டிகள், குட்டி ரயில் பெட்டி மாதிரி. மேலே போனால் மரத்தலைகளும் தேவாலயக் கோபுரங்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். உயரம் என்றாலே தலை சுற்றும் ஆட்கள்கூட இதில் பயப்படாமல் ஏறலாம். வியன்னா பக்கம் போகிறவர்கள் பிராட்டர்ஷ்டெர்ன் நிலையத்தில் இறங்குங்கள், பூங்கா எதிரிலேயே இருக்கிறது.