ஜானி கேஷின் 'சாங்ரைட்டர்': குரலைத் தனியாக விட்டிருக்கலாம்

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் இறந்தது 2003-ல், 'சாங்ரைட்டர்' என்ற இந்த ஆல்பம் வந்தது 2024 ஜூனில். இருபது வருடம் கழித்துப் புது ஆல்பம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான், பரணில் கிடந்ததைத் தூசி தட்டி விற்கிறார்களோ என்று. கேட்டு முடித்தபோது பாதி சந்தேகம் தீர்ந்தது, மீதி அப்படியே இருக்கிறது.

கதை இதுதான். 1958-லிருந்து அவர் பாடிக்கொடுத்து வந்த கொலம்பியா இசைத்தட்டு கம்பெனி 1986-ல் அவரைக் கைகழுவியது, அப்புறம் போன மெர்குரி கம்பெனியிலும் பெரிதாக எதுவும் ஓடவில்லை. 1993 தொடக்கத்தில் நாஷ்வில்லில் ஒரு ஸ்டுடியோவில் தான் எழுதிய பாட்டுகளை டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாக, பாடி வைத்தார். பிறகு தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்துவிட, டெமோ கிடப்பில் போனது. இப்போது மகன் ஜான் கார்ட்டர் கேஷும் ஒலிப்பதிவாளர் டேவிட் ஃபெர்குசனும் அதிலிருந்து கேஷின் குரலையும் கிடாரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இசையை மார்ட்டி ஸ்டூவர்ட் போன்ற பழைய கூட்டாளிகளை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் 11 பாட்டு.

குரலைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. கடைசிக் காலத்தில் மூச்சு வாங்கிப் பாடிய கேஷை மட்டும் கேட்டவர்கள் அசந்துபோவார்கள். 61 வயது, அடித்தொண்டை கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவ்வளவு திடம். துணி துவைக்கும் கடையில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கும் 'வெல் ஆல்ரைட்' பாட்டில் மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டே பாடுகிறார், அதற்காகவே ஆல்பத்தைக் கேட்கலாம்.

சிக்கல் மற்ற வாத்தியங்களில்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாயைப் பற்றிய 'டிரைவ் ஆன்' இதில் இருக்கிறது. இதே பாட்டை 1994-ல் ரூபினுக்காக 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பத்தில் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடியிருந்தார், அந்த ஆல்பத்தில் பெரும்பாலானவை ரூபின் வீட்டுக் கூடத்திலும் கேஷின் மரக்குடிலிலும் பதிவானவை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பழையதில் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து நமக்குச் சொல்கிறான், புதியதில் அதே ஆள் ஒரு பேண்டுக்கு முன்னால் நின்று பாடுகிறான். நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் பாட்டில் இருந்த தனிமை காணாமல் போய்விட்டது. 'ஸ்பாட்லைட்' பாட்டில் பிளாக் கீஸ் என்ற ராக் குழுவின் டான் ஆர்பாக் வாசிக்கும் கிடார் மட்டும் விதிவிலக்கு, அது குரலுக்குப் பதில் சொல்கிறது.

யோசித்துப் பார்த்தால் அவர் வாழ்க்கை முழுக்கவே இப்படித்தான், பின்னணி எளிமையாக இருந்தபோதுதான் பாட்டு நின்றிருக்கிறது. 1955-ல் மெம்பிஸில் சன் கம்பெனிக்குப் பாடத் தொடங்கியபோது கூட இருந்தவர்கள் இரண்டே பேர், கிடாருக்கு லூதர் பெர்கின்ஸ், பேஸுக்கு மார்ஷல் கிராண்ட். டிரம்ஸ் கிடையாது. 'ஐ வாக் த லைன்' பாட்டில் கேட்கும் சரசர சத்தம், கிடார் தந்திகளுக்கு நடுவே காகிதத்தைச் செருகி வாசித்தது! ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன்னால் 1968-ல் பாடிப் பதிவு செய்ததில்கூட பாட்டுக்கு நடுவே வரும் சிறை அறிவிப்புகளை அப்படியே விட்டிருப்பார்கள். 80-களில் மினுக்கி மினுக்கி வந்த ஆல்பங்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கேஷை இதுவரை கேட்காதவர்கள் இதில் தொடங்க வேண்டாம், 1994 ஆல்பத்தில் தொடங்குங்கள். ஏற்கெனவே ரசிகர் என்றால் சரி, வாங்கலாம். வெறும் குரலும் கிடாரும் மட்டுமாக இந்த 11 பாட்டையும் தனியாக வெளியிட்டால் இன்னொரு தடவையும் காசு கொடுப்பேன்.