3,230 வெள்ளி போச்சு: பீடோர், தாப்பா பக்கம் ‘இஞ்சின் ஹீட்டர்’ விக்க வந்தா வாங்காதீங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்கார்ந்திருக்கேன். நேத்து சாயங்காலம்தான் வண்டியைப் பட்டறையிலேர்ந்து எடுத்தோம். மொத்தம் 3,230 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). காய்கறி வித்துப் பிழைக்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு தோட்டத்துப் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை முழுசா சொல்லிட்டு, என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன்.

நாங்க மலேசியாவுல, பேராக் மாநிலத்து பீடோர்ல இருக்கோம். பழைய டீசல் பிக்கப் ஒண்ணு இருக்கு. வாரத்துல மூணு நாள் விடியறதுக்கு முன்னாடி அப்பாவும் நானும் தாப்பா வழியா கேமரன் மலை ஏறி, ரிங்லெட்ல முட்டைக்கோஸ், தக்காளி, சாவிக் கீரை ஏத்திக்கிட்டு வந்து, தோட்டத்து வரிசை வீடுங்கள்ல லயம் லயமா விப்போம். கொஞ்ச நாளா காலையில வண்டி லேசுல ஸ்டார்ட் ஆகல. நாலு தடவை, அஞ்சு தடவை சாவியைத் திருப்பணும்.

அப்பத்தான் பொருள் வாங்கி விக்கிற ஒரு ஆப்ல அந்த விளம்பரம் கண்ணுல பட்டது. ‘இஞ்சின் பிளாக் ஹீட்டர். காலையில ஒரே திருப்புல ஸ்டார்ட். தேய்மானம் குறையும், டீசல் மிச்சம்.’ கூடவே ஒரு வீடியோ. பனி மூடின கார், முன்பக்கம் ஒரு வயர் தொங்குது, வீட்டு பிளக்ல செருகியிருக்கு. விலை 720 வெள்ளி.

மெசேஜ் அனுப்பினேன். உடனே போன் வந்தது. நல்ல தமிழ். ‘அக்கா, ஆப்ல வாங்கினா கமிஷன் போயிடும். எனக்கு நேரா பேங்க்ல போடுங்க, 680-க்குத் தர்றேன். நானே வந்து மாட்டியும் தர்றேன்.’ மறுநாளே வந்துட்டான். அம்மா தேத்தண்ணி கொடுத்தாங்க. அப்பாகிட்ட, ‘ஐயா எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?’ன்னு கேட்டான். அப்பா முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டினவர். பேரைச் சொன்னதும், ‘எங்க தாத்தாவும் ரப்பர் மரத்துல பால் வெட்டினவருதான் ஐயா, நானும் லயத்துல பொறந்தவன்’னான். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் விழுந்தேன். நம்ம பிள்ளை நம்மளை ஏமாத்தாதுன்னு நினைச்சேன். அப்பா மட்டும் என்னைத் தனியா கூப்பிட்டு, ‘நம்ம ஊரு வெயிலுக்குச் சூடேத்துற சாமான் எதுக்கும்மா?’ன்னு கேட்டார். நான்தான், ‘உங்க காலம் வேறப்பா’ன்னு சொல்லிட்டேன். அதை நினைக்க நினைக்க வயிறு எரியுது.

அந்த ஹீட்டர் பொய்யான பொருள் இல்லை, அதுதான் இதுல மோசம். என் மாமா மகன் கனடாவுல வின்னிபெக்ல இருக்கான். அவன்கிட்ட அப்புறம் கேட்டேன். அங்கே குளிர்காலத்துல மைனஸ் 30 வரைக்கும் இறங்கும், இஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிடும், பேட்டரிக்கு வலு குறைஞ்சிடும். அதனால ராத்திரி வயரைச் செருகி, இஞ்சினோட இரும்பு உடம்பான பிளாக்குக்குள்ள ஓடுற கூலண்டை, அதாவது இஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணியைச் சூடாக்கி வெச்சிருப்பாங்களாம். கார் நிறுத்துற இடத்துலயே பிளக் இருக்குமாம். பீடோர்ல விடியக்காலை குளிருன்னாலும் 23, 24 டிகிரி. இங்க எந்த ஆயில் உறையப் போகுது?

ஹீட்டர் வித்தவன் அதை மாட்டின விதத்தையும் சொல்லணும். இஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கிற மணலை எடுக்க ஓட்டை விட்டிருப்பாங்க. அதை வட்டமான இரும்பு மூடியால அடைச்சிருக்கும், கோர் பிளக்னு பேரு. அதுல ஒண்ணைத் தட்டிக் கழட்டிட்டு ஹீட்டரைச் செருகினான். பழைய கூலண்டு முழுக்கத் தரையில கொட்டிச்சு. திரும்ப ஊத்தினது பைப் தண்ணி, அதுல பச்சைக் கலர் ஏதோ கலந்தான். ‘காலையில 3 மணிக்குச் செருகிடுங்க, 5 மணிக்கு எடுங்க அக்கா’ன்னுட்டுப் போயிட்டான்.

நாலாவது நாள் வீட்டுல மெயின் சுவிட்ச் தானா அணைஞ்சு விழுந்துச்சு. போன் பண்ணேன். ‘உங்க வீட்டு வயரிங் பழசு அக்கா.’ திரும்ப ஏத்திவிட்டா திரும்ப விழுந்துச்சு. சரின்னு ஹீட்டரைச் செருகுறதை விட்டுட்டோம். மறுநாள் மலைக்குக் கிளம்பினோம்.

லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டி கொஞ்ச தூரம், வளைவு மேல வளைவா ஏத்தம். சூட்டு முள்ளு சிவப்பு பக்கம் ஏறிச்சு. வேகத்தைக் குறைச்சேன். கொஞ்ச நேரத்துல முள்ளு சட்டுனு கீழ இறங்கிடுச்சு. அப்பாடான்னு இருந்தது எனக்கு. பக்கத்துல இருந்த அப்பா கத்தினார்: ‘ஏறுற மலையில முள்ளு எப்படிம்மா இறங்கும்? நிறுத்து!’ ஒதுங்க இடம் இல்லாம இன்னும் ஒரு வளைவு ஓட்டினேன். அதுக்குள்ள வெள்ளைப் புகை.

அப்பா சொன்னது அப்பத்தான் புரிஞ்சது. சென்சார் தண்ணியில நனைஞ்சிருந்தாத்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணி ஒழுகிப் போயிட்டா அது காத்துல தொங்கும், முள்ளு இறங்கும், உள்ளே இஞ்சின் வெந்துக்கிட்டிருக்கும். நான் ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போனேன். அப்பா கையைப் பிடிச்சு இழுத்தார். அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு, அதனாலதான் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம சுத்துது. சூட்டோட திறந்தா அவ்வளவும் ஆவியா மூஞ்சியில அடிக்கும்.

இழுத்துட்டு வர 400 வெள்ளி. தாப்பா பட்டறை போர்மேன் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். தே தாரிக் நிறம், பால் தேத்தண்ணி மாதிரி. பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவுல அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணி ஆயில்ல கலந்திருக்கு. அலுமினிய ஹெட்டும் சூட்டுல வளைஞ்சு, கடைச்சல் பட்டறைக்கு அனுப்பி மட்டம் பண்ணிட்டு வந்தாங்க. அது, கேஸ்கெட், கூலி எல்லாம் 2,150. ஹீட்டருக்குக் கொடுத்த 680-ஐயும் சேர்த்தா 3,230 வெள்ளி.

ஹீட்டரைக் கழட்டித் துடைச்சப்ப அதோட உடம்புல எழுத்து தெரிஞ்சது: 120 வோல்ட், 400 வாட். நம்ம வீட்டு மின்சாரம் 240. வோல்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு, அதாவது 1,600 வாட். அதுதான் ஹீட்டரைச் சுத்தி அடைச்சிருந்த ரப்பர் வளையத்தைக் கருக்கி, அந்த ஓட்டை வழியா தண்ணியை ஒழுகவிட்டிருக்குன்னு போர்மேன் சொன்னார். மின்சாரம் கசிஞ்சுதான் மெயின் சுவிட்சும் விழுந்திருக்கு. எங்க வீட்டு வயரிங்ல ஒரு குறையும் இல்லை. சுவிட்ச் விழலைன்னா வண்டியைத் தொட்ட அப்பாவுக்கோ எனக்கோ என்ன ஆகியிருக்கும்!

இன்னொண்ணு கேளுங்க. காலையில ஸ்டார்ட் ஆகாததுக்குக் காரணம் குளோ பிளக். டீசல் எரியுற இடத்தைச் சில விநாடியில சூடாக்குற சின்ன கம்பி அது. நாலுல ரெண்டு செத்துக் கிடந்தது. நாலையும் மாத்த 160 வெள்ளி. இப்ப ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது. 160 வெள்ளியில முடிய வேண்டிய வேலை!

ஹீட்டர் வித்தவனுக்குப் படம், பில்லு எல்லாம் அனுப்பினேன். முதல்ல, ‘நீங்க ஓவர்லோட் ஏத்தியிருப்பீங்க அக்கா.’ போகும்போது வண்டி காலி. அப்புறம், ‘தண்ணியால வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை.’ தண்ணிக்குள்ள வைக்கிற பொருளுக்கு இது பதிலா? அப்புறம், ‘சாமானை அனுப்புங்க, செக் பண்ண 50 வெள்ளி.’ அதுக்கப்புறம் படிச்சதுக்கு நீலக்குறி மட்டும், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை என்னை பிளாக் பண்ணிட்டான். அந்த ஆப்பைக் கேட்டா, பணம் எங்க வழியா வரலை, நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஒரே வரி. 40 வெள்ளி குறையுதுன்னு பார்த்து 3,230 வெள்ளிக்கு வழி அடைஞ்சுபோச்சு.

வரிசையா எழுதுறேன்னு சொன்னேன், கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்றேன். ஆப்ல பார்த்ததுக்கு நேரா பேங்க்ல போடாதீங்க. பிளக்ல செருகுற எதுலயும் வோல்ட்டைப் படிச்சுப் பாருங்க. வண்டிக்குக் கூலண்டு ஊத்தும்போது போத்தலைக் கண்ணால பாருங்க. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். நான் திங்கட்கிழமை போடுறேன்.

சுங்கை, துரோலாக், சிலிம் ரிவர் பக்கமும் அவன் மாட்டிக் கொடுத்திருக்கான்னு கேள்விப்பட்டேன். உங்க வண்டியில இருந்தா இன்னைக்கு ராத்திரி செருகாதீங்க. சுவரு சுவிட்சை அணைச்சுட்டு வயரைப் பிடுங்குங்க. இஞ்சின் ஆறின பிறகு தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு நேரா ஒரு பட்டறைக்குப் போங்க. பில்லு, மெசேஜ் எதையும் அழிக்காம எனக்கு எழுதுங்க, சேர்ந்து மனு போடலாம்.